வார இறுதியில் கச்சேரியா, கல்லூரி முகாமா? வடசென்னை மாணவர்களுக்கான ஓர் ஒப்பீடு

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் முதலாமாண்டு மாணவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறார்கள். அதே வாரத்தில் வகுப்புக்கு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சேர்க்கைச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, கல்ச்சுரல்ஸ் என்னும் கலைவிழாக் குழுவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். கையில் இருப்பதோ ஒரு சனி, ஒரு ஞாயிறு, கொஞ்சம் பணம். எதற்குப் போவது? தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ இருந்துகொண்டு இந்த முடிவை எடுப்பது, அடையாறில் இருந்துகொண்டு எடுப்பதைப் போன்றதல்ல. சென்னையின் பெரிய கச்சேரிகளில் பல நகரத்தின் தெற்கில்தான் நடக்கின்றன. பாட்டு முடிந்த பிறகு ஊரின் மறுகோடிக்குத் திரும்ப வேண்டியவர்கள் நாம்.

எதை வைத்து முடிவுசெய்வது

டிக்கெட் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். என் கணக்கில் அது மூன்றாவதாகத்தான் வரும். முதலில் பார்க்க வேண்டியது வீடு திரும்பும் வழி: நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும், அந்த நேரத்தில் எந்த வண்டி கிடைக்கும், கடைசி இரண்டு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்ற மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும். "யாரோட போற, எத்தன மணிக்கு வருவ?" என்று அம்மா கேட்பதும் இதைத்தான், அதற்குத் தெளிவான பதில் சொல்ல முடிந்தால் வீட்டில் அனுமதி கிடைப்பதும் எளிதாகிவிடுகிறது.

இரண்டாவது, திங்கட்கிழமை. சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். காலை ஷிஃப்ட் மாணவருக்கு ஞாயிறு இரவு ஒரு மணிக்கு வீடு சேர்வது என்றால், திங்கட்கிழமை முதல் இரண்டு வகுப்புகள் போய்விட்டன என்று பொருள்.

மூன்றாவது, முழுச் செலவு. டிக்கெட்டோடு பயணம், சாப்பாடு ஆகியவற்றைச் சேர்ப்பது மட்டும் போதாது. அந்த நாளில் இழக்கும் வருமானத்தையும் சேர்க்க வேண்டும். நம் பகுதி மாணவர்களில் பலர் வார இறுதியில் திருமண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்கோ கடைகளுக்கோ போகிறவர்கள். முகூர்த்த நாளில் விழும் கச்சேரிக்கு உண்மையான விலை, டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைவிட ஒரு நாள் கூலி அதிகம். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதுதான் கைச்செலவு என்றால், எந்த டிக்கெட்டையும் இத்தனை மாதத் தொகை என்று மாற்றிப் பார்ப்பது நல்லது.

நான்காவதுதான் பலர் பார்க்கத் தவறுவது: இந்த வாய்ப்பு மறுபடி வருமா? கச்சேரி இந்த நகரத்தில் மறுபடி வரும். சேர்க்கைப் படிவத்தின் கடைசித் தேதி அந்த ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், என்.சி.சி.யைப் பொறுத்தவரை பெரும்பாலும் மூன்று ஆண்டுப் படிப்புக்கே ஒருமுறைதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் பெரிய கச்சேரி

பெரிய மேடை, பெரிய ஒலி, திரையில் மட்டுமே பார்த்த ஒருவர் கண்ணெதிரே நிற்பது, ஆயிரக்கணக்கானோர் ஒரே வரியைச் சேர்ந்து பாடுவது ஆகியவற்றைக் கைப்பேசியில் கேட்டு ஈடுசெய்ய முடியாது. "பாட்டுதானே, யூடியூபில் வந்துவிடும்" என்று சொல்லும் பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. பதினெட்டு வயதில் நண்பர்களோடு தொண்டை கட்டும் வரை பாடிவிட்டு வருவது ஓர் அனுபவம். அதற்குச் செலவழிப்பது வீண்செலவு அல்ல.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். 500 ரூபாய்க்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, இணையத்தில் எடுத்தால் தளத்தின் சேவைக் கட்டணமும் சேரும். ஆகவே விளம்பரத்தில் கண்ட தொகையும் பணம் கட்டும் பக்கத்தில் வரும் தொகையும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நண்பர்களிடம் பங்கு வசூலிக்க வேண்டாம். மலிவான பிரிவு மேடையிலிருந்து வெகுதொலைவில் இருக்கும். அங்கே நிற்பவர்கள் பாடகரைப் பார்ப்பதைவிட எல்.இ.டி. திரையைப் பார்ப்பதே அதிகம். பையும் தண்ணீர்ப் பாட்டிலும் பெரும்பாலும் வாயிலிலேயே நிறுத்தப்படும், உள்ளே தண்ணீரை அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

டிக்கெட் கையில் இருந்தாலே உள்ளே போய்விடலாம் என்பதற்கும் உறுதி இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சி மழையால் ஆகஸ்ட் 12-இலிருந்து தள்ளிப்போன ஒன்று. அன்று இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் சேர்ந்து, பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். சாலையும் மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டது. எல்லா நிகழ்ச்சியும் அப்படி ஆவதில்லை. ஆனால் தேதி மாறக்கூடும், கூட்டம் மிஞ்சக்கூடும் என்ற இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டே டிக்கெட் எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கியூஆர் குறியீட்டை விலைக்கு வாங்குவது அதைவிட ஆபத்தானது. அதே படத்தை அவர் இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்பது வாயிலில் ஸ்கேன் செய்யும்போதுதான் தெரியவரும்.

திரும்பும் வழிதான் இதன் பெரிய பலவீனம். பனையூரிலிருந்து திருவொற்றியூர் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தச் சாலையில் மெட்ரோ இல்லை. கூட்டம் கலையும் நேரத்தில் கைப்பேசிச் சிக்னல் திணறும், வாடகைக் காரின் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், கிடைத்த ஓட்டுநரும் தொலைபேசியில் "எங்க சார் டிராப்?" என்று கேட்டு, "திருவொற்றியூர்" என்ற பதிலைக் கேட்டதும் பயணத்தை ரத்து செய்துவிடுவார். அவரை முழுதாகக் குறைசொல்லவும் முடியாது: இரவில் எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டால் அவருக்கு அடுத்த சவாரி போய்விடும்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகவும் வரவும் ஒரே வேனாகப் பேசிக்கொண்டால், அல்லது திருவான்மியூர் பக்கம் இரவு தங்க உறவினர் வீடு இருந்தால், அல்லது நிகழ்ச்சி சனிக்கிழமையில் வந்து ஞாயிறு முழுவதும் தூங்க முடிந்தால், இந்தத் தேர்வு சரியானதுதான். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் இருவராகக் கிளம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நகருக்குள், மெட்ரோவை ஒட்டி நடக்கும் கச்சேரி

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், தீவுத்திடல், பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் நிகழ்ச்சி என்றால் கணக்கே மாறிவிடுகிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு நந்தனம் வரை வண்டி மாறாத ஒரே பயணம் கிடைத்திருக்கிறது. மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒருவழிக் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. டிக்கெட், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலை நிகழ்ச்சிக்கு உள்ளவையே. மிச்சமாவது பயணச் செலவும் மனநிம்மதியும்.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அரசு சில நாட்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். ஆகவே திறந்தவெளிக் கச்சேரிகள் பெரும்பாலும் பத்து மணியையொட்டி முடிந்துவிடும், மெட்ரோ 11 மணி வரை ஓடும். இடையில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் பாதி, மைதானத்தை விட்டு வெளியே வருவதற்கே போய்விடும். நந்தனம் நிலைய வாயிலில் டிக்கெட் வாங்க வரிசை படிக்கட்டைத் தாண்டி நடைபாதைக்கு வந்து நிற்கும்போது, பயண அட்டை வைத்திருப்பவர்கள் பக்கவாட்டில் புகுந்து நேராகத் தானியங்கிக் கதவில் அட்டையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அட்டையில் முன்பே பணம் போட்டுவைப்பதும், கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டிலேயே நகரத் தொடங்குவதும் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் கடைசி வண்டியைப் பிடிப்பதும் தவறவிடுவதும் இவற்றில்தான் இருக்கின்றன.

வடசென்னை முழுவதற்கும் இந்த வசதி ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்கள் சென்ட்ரலில் இறங்கிப் புறநகர் ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும். கொடுங்கையூர், மணலிக்காரர்களுக்கு அதற்கு மேலும் ஓர் ஆட்டோ தேவைப்படும். எண்ணூர்க்காரர்கள் விம்கோ நகர் வரை நிம்மதியாக வந்துவிடலாம். அதன்பின் நள்ளிரவில் பங்கு ஆட்டோவை நம்பியிருக்காமல் வீட்டிலிருந்து யாராவது இருசக்கர வாகனத்தில் வரச் சொல்லிவைப்பது நல்லது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது மாலையில் போகும்போது உதவும், திரும்பும் நேரத்தில் அந்தப் பேருந்தே இருக்காது. கல்லூரிப் பேருந்து அட்டையும் வீட்டுக்கும் கல்லூரிக்குமான வழித்தடத்துக்குத்தான், கச்சேரிக்கு அல்ல.

முதல்முறையாகப் பெரிய கச்சேரிக்குப் போகிறவருக்கு நான் சொல்வது இந்தப் பிரிவைத்தான். ஒலிபெருக்கி அடுக்குக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 டெசிபல் ஒலியை வாரத்துக்குச் சுமார் 20 நிமிடம்தான் காது பாதுகாப்பாகத் தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கச்சேரியோ மூன்று மணி நேரம் நடக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் வைத்துக்கொண்டாலும் பாட்டு நன்றாகவே கேட்கும்.

கட்டணமில்லாத கச்சேரி

இதைப் பலர் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. யுனெஸ்கோ 2017-இல் இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்த ஊர் இது. மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்கள் பலவற்றில் காலை, பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. பாடுபவர்களும் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்தான். நவம்பர், டிசம்பரில் பருவத் தேர்வு முடிந்தபின் அவை வருவதால் திங்கட்கிழமைக் கவலையும் இல்லை. மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான், சபா கேன்டீன். கர்நாடக இசைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்த ஊர் திருவொற்றியூர், தியாகராஜரே அங்கு வந்து வடிவுடையம்மன் மீது கீர்த்தனைகள் பாடியிருக்கிறார்.

பறையும் கரகமும் கானாவும் விருப்பமென்றால், பொங்கலையொட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் பெரம்பூர் உட்பட நகரின் பல பூங்காக்களிலும் மைதானங்களிலும் கட்டணமின்றி நடக்கிறது. நம் தெருக்களில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கேட்ட கானா, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் மேடையில் ஒலித்தபோது நகரமே திரும்பிப் பார்த்தது என்பதை நினைவில் வைத்தால், நல்ல இசைக்கு ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சம் தளரும்.

இதில் குறை, கொண்டாட்டத்தின் அளவுதான். கூட்டமாகப் போய்க் கத்திக் குதித்துவிட்டு வர வேண்டும் என்ற மனநிலையில் இருப்பவரைச் சபாவின் பிற்பகல் கச்சேரி ஏமாற்றிவிடும். பணம் இல்லாதவருக்கான மாற்று என்று இதை நினைத்துப் போகாமல், வேறு வகை இசையைக் கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால் நன்றாக இருக்கும்.

கல்லூரி கல்ச்சுரல்ஸ்

இது கச்சேரிக்கும் கல்லூரிக்குள் கிடைக்கும் வாய்ப்புக்கும் நடுவில் இருப்பது. ஐ.ஐ.டி.யின் சாரங் ஜனவரியில் நடக்கும். மற்றக் கல்லூரிகளின் விழாக்கள் அதையொட்டி மார்ச் வரை தொடரும். பார்வையாளராகப் போவதற்கு அடையாள அட்டையும் சில இடங்களில் முன்பதிவும் போதும். பிரபலக் கலைஞர்கள் மேடையேறும் ப்ரோ நைட்டுக்கு மட்டும் தனி டிக்கெட் கேட்பார்கள்.

நடத்தும் குழுவில் இருப்பது வேறு கதை. நடுவர்களை வரவேற்பது, விளம்பரதாரரிடம் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, மேடையில் மைக் வேலை செய்யாதபோது அரங்கத்தைச் சமாளிப்பது ஆகியவற்றை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத்தராது. அந்நிய மனிதரிடம் போய்ப் பேசுவதற்குத் தயங்குகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது பெரும் பயிற்சி. விழாவுக்கு முந்தைய சில வாரங்களின் மாலைகள் அத்தனையும் போய்விடும் என்பதுதான் விலை. ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரிப் பணியில் இருந்ததாகக் கணக்கு) கொடுத்துவிடுவார்கள், ஆகவே வருகைப்பதிவு தப்பிக்கும், ஆனால் ஓ.டி. நோட்ஸ் எழுதித்தராது, இன்டர்னல் தேர்வையும் தள்ளிவைக்காது. குழு நடனத்தில் இருந்தால் உடை வாடகைக்குப் பங்கு கேட்பார்கள். எவ்வளவு என்பதைப் பெயர் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். பகுதிநேர வேலை செய்யாதவருக்கும், வீடு கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ளவருக்கும் பொருத்தமான தேர்வு இது.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., நான் முதல்வன்

நான் முதல்வன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் திறன் படிப்புகள் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வருவதால் வார இறுதியோடு பெரிதாக மோதாது. வருவதைக் கவனமாகப் படித்தால் போதும்.

நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸில் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஒரு 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. வடசென்னைக் கல்லூரிகளுக்கு முகாம் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கிராமமாக இருக்கலாம். பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது, குளக்கரையைச் சுத்தம் செய்வது, மாலையில் ஊர்க்காரர்கள் முன் நாடகம் போடுவது, பள்ளி வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுப்பது என்று அந்த ஏழு நாட்கள் போகும். கச்சேரியில் கிடைக்கும் நட்பைவிட இங்கே கிடைக்கும் நட்பு நீளமானது என்பது என் கருத்து. பணச் செலவு மிகக் குறைவு. ஆனால் கேட்டரிங் வேலைக்குப் போகிறவருக்கு ஏழு நாள் முகாம் என்பது ஏழு நாள் கூலி; அதை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைத்தால், முகூர்த்தமில்லாத மாதமா என்று பார்த்தாவது திட்டமிடலாம்.

என்.சி.சி. இதைவிடக் கடுமையானது. அணிவகுப்பு பெரும்பாலும் வார இறுதிக் காலையில் வரும். முந்தைய நாள் இரவு காலணிக்கு மெருகேற்றுவதில் தொடங்கி விறைப்பான மடிப்போடு சீருடை அணிவது வரை எல்லாம் கணக்கில் வரும். இரண்டாம் ஆண்டில் ‘பி’ சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் ‘சி’ சான்றிதழ் என்பதால் முதலாமாண்டோடு விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘சி’ சான்றிதழை உரிய தரத்தில் பெற்ற பட்டதாரிகள் ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்விலும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. காவல்துறை வேலையைக் குறிவைத்து விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்கள் நம் பகுதியில் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். சீருடை வேலையில் நாட்டமே இல்லாதவர், நண்பன் சேர்கிறான் என்பதற்காக என்.சி.சி.யில் சேர வேண்டியதில்லை.

இன்னொன்று: சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பாடத்திட்டத்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிக்கென்றே ஒரு கிரெடிட் இருக்கிறது. ஏதாவது ஒன்றில் இருந்தே ஆக வேண்டும் என்னும்போது, கடைசியில் மிஞ்சிய ஒன்றில் தள்ளப்படுவதைவிட முதலில் போய்ப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இரண்டும் ஒரே நாளில் வந்தால்

சேர்க்கை, உடற்தகுதித் தேர்வு, முதல் கூட்டம் ஆகிய மூன்றில் ஒன்று கச்சேரியோடு மோதினால் கச்சேரியை விட்டுவிடுங்கள்; அதில் எனக்குத் தயக்கமே இல்லை. சேர்ந்து பல மாதங்கள் ஆனபின் ஒரு வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பணியோடு மோதினால், திட்ட அலுவலரான ஆசிரியரிடம் நேரில் சொல்லிவிட்டுக் கச்சேரிக்குப் போகலாம். 120 மணி நேரத்தில் நான்கு மணி நேரத்தை வேறொரு நாளில் ஈடுசெய்துவிட முடியும். உடல்நிலை சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு இன்ஸ்டாகிராமில் மேடைப் படத்தைப் போடுவதுதான் கூடாது, ஆசிரியர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

டிக்கெட் எடுத்த பிறகு முகாம் தேதி அறிவிக்கப்பட்டால், முதலில் டிக்கெட்டின் விதிமுறைகளைப் படியுங்கள். வாங்கியவரின் பெயரில் அடையாள அட்டையைக் கேட்கும் நிகழ்ச்சி என்றால் வேறொருவருக்குக் கொடுத்தும் பயனில்லை. அப்படிக் கேட்காத நிகழ்ச்சி என்றால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடலாம், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். மழையால் நிகழ்ச்சியே தள்ளிப்போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள்; பணம் கட்டிய மின்னஞ்சலை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.